வியாழக்கிழமை தாறன்

மணிக்கூட்டைக் கையில் கொடுத்தால் அவர் முதலில் அதைக் காதில் வைத்துப் பார்ப்பார். அது பற்றறியில் ஓடுகிற கைமணிக்கூடு. பற்றறி செத்ததால்தானே கொண்டுவந்து கொடுக்கிறோம்? உள்ளே என்ன கேட்கப்போகிறது? ஆனாலும் கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சரித்து, டொக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோலக் கேட்பார். பிறகு அதைக் கவிழ்த்து, பின்மூடியின் விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவுவார். "நல்ல இறுக்கம்" என்பார். காற்சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைலேஞ்சி ஒன்று வெளியே வரும். மணிக்கூட்டை அதில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிவிட்டுச் சொல்வார்: "விடுங்கோ, பாப்பம். வியாழக்கிழமை தாறன்."

எந்தக் கிழமை கொடுத்தாலும் வியாழக்கிழமைதான். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஆறு நாள் காத்திருக்க வேண்டும். "இப்பவே ஒருக்காத் திறந்து பாருங்கோவன் அண்ணை" என்று யாராவது கேட்டால் வெளிச்சம் காணாது என்பார். டென்மார்க்கில் மார்கழி மாதம் அப்படிச் சொன்னால் நம்பலாம். ஆனி மாதத்தில், சூரியன் இறங்க மனமில்லாமல் இரவு பத்து மணிக்கும் வானத்தில் நிற்கிறபோது ஒருவர் கேட்டார். "இந்த வெளிச்சத்துக்குக் கண் கூசும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயர் எங்கோ ஒரு அரசாங்க அலுமாரியில், ஒரு பேப்பரில் கிடக்கிறது. அந்தப் பேப்பருக்கு அவர் முப்பது வருடம் பயந்து வாழ்ந்தார். இப்போது அவர் இல்லை, யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது. இருந்தும் பெயரை எழுதப் போனால் என் கை நின்றுவிடுகிறது. கிரின்ஸ்டெட் என்கிற இந்தச் சின்ன ஊரில் எங்கள் ஆட்கள் எல்லாரும் அவரை மணிக்கூட்டு அண்ணை என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அது போதும்.

நான் கலியாணம் கட்டி இந்த ஊருக்கு வந்து இறங்கிய இரண்டாம் கிழமை, என் கணவர் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் ஒரே தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பெட்டி அடுக்குகிறவர்கள். "இவர்தான் மணிக்கூட்டு அண்ணை. மன்னாரில பெரிய மணிக்கூட்டுக் கடை வைச்சிருந்தவர்" என்று கணவர் அறிமுகம் செய்தார். அண்ணை ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். அடக்கமான மனிதர் என்று அன்று எடுத்துக்கொண்டேன்.

தனி ஆள். கார் இல்லை. இந்த ஊரில் கார் இல்லாதவர் கால் இல்லாதவர் மாதிரி. பஸ் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அதனால் கோல்டிங் நகரத்துத் தேவாலயத்தில் நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போகும்போதெல்லாம் அவரை நாங்கள்தான் ஏற்றிக்கொண்டு போவோம். பின் சீற்றில் என் மகளுக்குப் பக்கத்தில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருப்பார். மகள் அவரோடு டெனிஸில் கதைப்பாள், அவர் தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் நன்றாகப் பிடித்துப்போயிற்று.

என்னைக் குழப்பியது அவருடைய கைதான். ஜாம் போத்தல் மூடியை அவரால் திறக்க முடியாது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெல்ல மகளிடம் தள்ளிவிடுவார். அவளுக்கு அப்போது ஆறு வயது. அவள் திறந்து கொடுப்பாள். பால் பெட்டியைத் திறந்தால் பாதி மேசையில் நிற்கும். கடையில் பலகைகளாக வாங்கி வீட்டில் பொருத்திப் பூட்டுகிற புத்தக அலுமாரி ஒன்றை அவர் தானே பூட்டினார். உட்புறம் வெளிப்புறமாக இருந்தது. அப்படியே ஐந்து வருடம் வைத்திருந்தார்.

"உந்தக் கையாலயோ மணிக்கூடு திறக்கிறார்?" என்று கணவரிடம் கேட்டேன்.

"சின்ன வேலைக்குப் பழகின கைக்குப் பெரிய வேலை வராது. உமக்கு உது விளங்காது" என்றார் அவர்.

எனக்கு விளங்காதுதான். ஆனால் கொடுத்த மணிக்கூடுகள் எல்லாம் வியாழக்கிழமை ஓடிக்கொண்டு வந்தன. ஒரு கீறல் இல்லை, ஒரு நிமிடம் பிந்தல் இல்லை. காசு நீட்டினால் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார். தூரத்து விபோர்க் நகரத்திலிருந்துகூட ஒரு குடும்பம் மணிக்கூடு கொடுத்தனுப்பியது. கைராசிக்காரன் என்றார்கள்.

நான் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். எங்கள் வேலையில் கையில் ஒன்றும் கட்டக்கூடாது, மோதிரம்கூட ஆகாது. மணிக்கூட்டைச் சட்டை நெஞ்சில் ஊசியால் குத்தித் தலைகீழாகத் தொங்கவிடுவோம். என்னுடையதின் ஊசி அடிக்கடி கழன்றதால் அதில் ஒரு நீல நூல் கட்டியிருந்தேன். ஒரு மாசி மாதம் அது நின்றுவிட்டது. கணவர் தான் திறந்து தருவதாகச் சமையல் கத்தியோடு உட்கார்ந்தார். இந்த மூடிகளுக்குத் திருகாணி இல்லை. அமுக்கி இறுக்கியிருப்பார்கள். விளிம்பில் எங்கோ ஓரிடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு இருக்கும், அதைக் கண்டுபிடித்து அலகை வைத்து மெல்லத் திருப்ப வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. என் கணவருக்கு அன்று தெரியவில்லை. கத்தி வழுக்கி மூடியில் ஒரு நீளக் கோடு இழுத்தது. நான் கத்தினேன். ஞாயிற்றுக்கிழமை அதை அண்ணையிடம் கொடுத்தேன். காதில் வைத்தார், தடவினார், லேஞ்சியில் சுற்றினார்.

அந்தக் கிழமைதான் வேலையிடத்தில் என்னை கோல்டிங்குக்கு ஒரு கோர்ஸுக்கு அனுப்பினார்கள். புதன்கிழமைகளில், இரண்டு மாதம். முதல் நாள் மூன்றரைக்கு வகுப்பு முடிந்தது. கார் போகாத கடைத்தெருவால் நடந்து வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கூட்டுக் கடையின் கண்ணாடிக்குள் பார்த்தால், அண்ணை நிற்கிறார்.

எனக்கு ஒளியத் தோன்றியது. பக்கத்துக் கடைக்காரன் வாசலில் மலிவு விற்பனைக்குத் தொங்கவிட்டிருந்த மழைக்கோட்டுகளுக்கு நடுவே புகுந்து நின்றேன். அண்ணை மேசையில் லேஞ்சிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நாலு மணிக்கூடுகள். ஒன்றில் என் நீல நூல். கடைக்காரி அறுபது வயது மதிக்கத்தக்க டெனிஸ் பெண், கண்ணில் ஒரு பூதக்கண்ணாடி மாட்டியிருந்தாள். என்னுடையதை எடுத்துக் கவிழ்த்து, விளிம்பை நகத்தால் ஒரு சுற்றுத் தடவினாள். அலகை வைத்தாள், மணிக்கட்டைத் திருப்பினாள், மூடி எழுந்தது. பற்றறியை மாற்றி, இரண்டு பெருவிரலாலும் அமுக்கி மூடினாள். இரண்டு நிமிட வேலை. அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பூசையில் நற்கருணை உயர்த்தும்போதுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பயபக்தியை நான் கண்டதில்லை.

அவர் வெளியே போய் மறைந்த பிறகு உள்ளே போனேன். எதையாவது வாங்கவேண்டுமே என்று மகளுக்கு ஒரு மணிக்கூட்டுப் பட்டி கேட்டேன். பேச்சோடு பேச்சாக அந்த மனிதரைப் பற்றி விசாரித்தேன். பதினொரு வருடமாக வருகிறாராம். எப்போதும் புதன்கிழமை, எப்போதும் லேஞ்சி. "நான் பழக்கித் தருகிறேன், ஐந்து நிமிடத்தில் பழகலாம் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்" என்றாள் கடைக்காரி. "நை தக், வேண்டாம் நன்றி என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். ஆனால் பார்க்காமல் போகமாட்டார். உங்களுக்குத் தெரிந்தவரா?"

"இல்லை" என்றேன். இந்தக் கதையில் நான் சொன்ன முதல் பொய் அது.

காரில் ஏறியதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஏமாற்றியவர் எங்களிடம் ஒன்றும் பறிக்கவில்லை. தன் கைக்காசு கொடுத்து, வேலை முடிந்த களைப்போடு இரண்டு பஸ் மாறி, எங்கள் மணிக்கூடுகளைத் திருத்திக் கொண்டுவந்து தருகிறார். அப்படியானால் எதற்குக் கோபம்? தலையாட்டியதற்காக இருக்கலாம். அந்த வெளிச்சக் கதைக்கெல்லாம் என் தலையும் ஆடியதே! பஸ் தரிப்பிடத்தில் அவர் மழையில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். நிறுத்தாமல் வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை மணிக்கூடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காரில் வைத்துக் கேட்டேன்.

"என்ர மணிக்கூட்டைத் திறக்கக் கஷ்டமா இருந்ததோ அண்ணை?"

"சும்மா இல்லை தங்கச்சி. தம்பி கத்தியால கீறிப்போட்டார் என்ன? அதால வாயைக் கண்டுபிடிக்கவே கன நேரம். பிறகு மணிக்கட்டை இப்பிடி ஒரு திருப்பு. பிடிவாதமா இருந்தது, பிறகு விட்டுத் தந்திட்டுது."

கையைத் தூக்கிக் காட்டினார். நான் கண்ணாடிக்குள் பார்த்த அதே திருப்பு, இம்மியும் பிசகவில்லை. பொய் சொல்கிறவர்கள் கண்ணைத் தவிர்ப்பார்கள் என்பார்கள். அவர் முன் கண்ணாடியில் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

அதன்பிறகு நான் செய்தது நல்ல காரியம் இல்லை. மூன்றாம் புதன்கிழமை அதே கடைக்குப் போய் மூடி திறக்கிற சின்ன அலகுக் கத்தி ஒன்று வாங்கினேன். பங்குனி மாதத் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, பூத்தாளில் சுற்றிய அதை அண்ணைக்கு முன்னால் வைத்தேன். பக்கத்தில் கணவரின் கலியாண மணிக்கூட்டையும் வைத்தேன். அது நின்று ஒரு வருடம்.

"அண்ணைக்கு எங்கட பரிசு. இதால இண்டைக்கு எங்களுக்கு முன்னால ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன்."

சனம் கைதட்டியது. பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்றார்கள். அண்ணை பூத்தாளைப் பிரித்தார். கத்தியைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. அது எந்தக் கடைக் கத்தி என்று பதினொரு வருடமாகப் பார்த்தவருக்குத் தெரியாதா? என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெளிச்சம்..." என்று தொடங்கினார்.

"இஞ்ச நல்ல வெளிச்சம் அண்ணை" என்றேன்.

அவர் மணிக்கூட்டைக் காதில் வைத்தார். கவிழ்த்தார். தடவினார். வெட்டு எங்கே இருக்கிறதென்று உடனேயே கண்டுபிடித்தார், அலகைச் சரியான இடத்திலேயே வைத்தார். இதோ திறந்துவிடப்போகிறார் என்று எனக்கே பதைத்தது. நான் பார்த்தது பொய்யோ என்றும் ஒரு கணம் வந்தது. ஆனால் அலகு வழுக்கியது. திரும்ப வைத்தார், திரும்ப வழுக்கியது. நெற்றி வியர்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, சாப்பாடு ஆறிப்போயிற்று. கடைசியில் அலகு இடக்கைப் பெருவிரலுக்குக் கீழே ஆழமாக இறங்கியது. மேசை விரிப்புக் கடதாசியில் இரத்தம் கொட்டியது.

அப்போதுதான் நான் எதிர்பாராதது நடந்தது. ஒருவரும் அவரைச் சந்தேகப்படவில்லை! "அண்ணைக்கே திறபடேல்லையெண்டா உதைக் கொம்பனிக்குத்தான் அனுப்போணும்" என்றார் ஒருவர். "கண்ட கண்ட மலிவுக் கத்தியைக் குடுத்தா அவர் என்ன செய்யிறது?" என்று ஒரு அக்கா என்னை முறைத்தார். மணிக்கூட்டுக்கும் எனக்கும் திட்டு விழுந்தது, அண்ணைக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி வந்தது.

நான் அவரைக் காருக்குக் கூட்டிக்கொண்டு போய் வேலைப் பையிலிருந்த துணியால் காயத்துக்குக் கட்டுப் போட்டேன். கணவர் உள்ளே கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணை கையை நீட்டியபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோல்டிங் கடையில என்னைக் கண்டனீங்கள் என்ன?"

"ஓம்."

"ஆருக்கும் சொன்னியளோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை."

"தம்பிக்கு?"

"அவருக்கும் சொல்லேல்லை."

அவர் குரல் பயந்த பிள்ளையின் குரலாக இருந்தது. எதற்கு இவ்வளவு பயம்? மணிக்கூடு திறக்கத் தெரியாது என்பது ஒரு குற்றமா? அதைத்தான் கேட்டேன்.

"கடை என்ர இல்லை தங்கச்சி. என்ர கூட்டாளின்ர. நான் பக்கத்து பேக்கரியில பாண் சுட்டவன். வேலை முடிஞ்சா அவன்ர கடையில போய்க் குந்தியிருப்பன். அவன் கழட்டுவான், பூட்டுவான், நான் பாத்துக்கொண்டிருப்பன். ஒருநாள் ஆமி வந்து கடையைப் பாத்தாங்கள். மேசை முழுக்க மூடி கழட்டின மணிக்கூடு. இவ்வளவும் உனக்கு என்னத்துக்கு, குண்டு செய்யவோ எண்டு கேட்டு அவனைக் கொண்டுபோனாங்கள். பிறகு அவன் வரேல்லை."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் இஞ்ச வந்து இறங்க, உன்ர கேஸ் என்னெண்டு கேக்கினம். எனக்கு என்ன கேஸ்? பாண் சுட்ட கேஸ். அதுக்கு ஆர் விசா தருவினம்? அவன்ர கேஸைச் சொன்னன். நான்தான் கடைக்காரன், என்னைத்தான் கொண்டுபோனவங்கள் எண்டு. முடிவை மட்டும் மாத்தினன். தப்பி வந்திட்டனெண்டு. மணிக்கூட்டைப் பற்றிக் குடைஞ்சு குடைஞ்சு கேட்டினம். ஒரு கேள்விக்கும் நான் பிழைவிடேல்லை. அதுக்குப் பிறகு அகதிக் காம்பில ஒருத்தன் தன்ர மணிக்கூட்டைக் கொண்டுவந்து நீட்டினான். தெரியாதெண்டு சொல்லேலுமோ?"

அகதியாக வந்தவர்கள் முதல் விசாரணையில் சொல்கிற கதையைத்தான் எங்கள் ஆட்கள் கேஸ் என்பார்கள். நான் கலியாண விசாவில் சேலை கட்டி விமானத்தில் வந்தவள், எனக்குக் கேஸ் இல்லை. அதனால் அதன் பாரம் எனக்குத் தெரியாது.

"இப்ப நீங்கள் டெனிஸ் பாஸ்போட் வைச்சிருக்கிறியள் அண்ணை. இனி ஆர் உங்களைக் கேக்கப்போகினம்?"

"பேப்பரில கிடக்குதெல்லோ. ஆரும் ஒரு மொட்டைக் கடிதம் போட்டா? மணிக்கூட்டுக் கடைக்காரனுக்குப் பற்றறி மாத்தத் தெரியாதாம் எண்டு எழுதினா?"

அப்படி யாரும் எழுதமாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் சனத்தை எனக்கும் தெரியும் என்பதால் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை எழுதக்கூடியவளின் காரிலேயே அவர் இருந்தார், அதுவும் எனக்குத் தெரிந்தது.

"அப்ப அந்த மனுசி பழக்கிறனெண்டு சொல்லுது. பழகினா இந்தப் பயமே இல்லையே அண்ணை. பொய்யும் மெய்யாப் போயிடும்."

கணவர் மண்டபக் கதவைப் பூட்டிக்கொண்டு வருவது தெரிந்தது.

"அது அவன்ர வேலையெல்லோ தங்கச்சி" என்றார்.

இந்தப் பதிலை நான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். நண்பனின் கதையை எடுக்கலாம், கடையை எடுக்கலாம், ஆமி கொண்டுபோனதைக்கூடத் தன்னைத்தான் என்று சொல்லலாம், தொழிலை மட்டும் எடுக்கக்கூடாதா? இது என்ன நியாயம்? நான் அடுத்த மாதம் பாவசங்கீர்த்தனத்தில் என் பங்கை மட்டும் சொன்னேன். அவருடையது பாவமா இல்லையா என்று தெரியாததால் அதைச் சாமியாரிடம் கேட்கவும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்: "உங்கட கேஸில என்ன சொன்னனீங்கள்?"

அவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். "கேஸில சொன்னதை வெளியில கதைக்கிறேல்லை" என்றார். நாங்கள் கலியாணம் கட்டி அப்போது எட்டு வருடம். அவர் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்று இருக்கிறதென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதன்பின் நான் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் காரைக் கடைத்தெருவின் முனையில் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணை வந்தார், காரைக் கண்டார், ஒன்றும் சொல்லாமல் ஏறினார். கோர்ஸ் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. வேலை நேரத்தை மாற்றி எடுத்து, கிரின்ஸ்டெட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் கேட்டவர்களுக்கு அண்ணையைக் கண் டொக்டரிடம் கொண்டுபோவதாகச் சொன்னேன். கணவருக்கும் அதையே சொன்னேன். நன்றாகத்தான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

இனி எனக்கு முன்னால் நடிக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். அதுதான் இல்லை! கடையிலிருந்து வெளியே வருவார், நான் கடைவாசலில்தான் நிற்பேன், அவர் கையில் லேஞ்சிப் பொட்டலங்கள் இருக்கும். தெருமுனைக்கு நடந்து போய்க் காரில் ஏறிப் பெல்ற்றைப் போட்டுக்கொண்டே சொல்வார்:

"இண்டைக்கு ஒண்டு படுத்திப்போட்டுது தங்கச்சி. அந்தச் சிவப்புப் பட்டி மணிக்கூடு. அமுக்கி மூடேக்க எனக்குப் பெருவிரல் நொந்துபோச்சு."

முதல் தடவை நான் சிரித்தேன், பகிடி என்று எண்ணி. அவர் சிரிக்கவில்லை. பெருவிரலை உண்மையாகவே தடவிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். பிறகு யாருக்காக அந்தக் கதை? யாருடைய பெருவிரலைச் சொன்னார்? ஒருநாள் கேட்டுவிடலாம் என்றுதான் ஒவ்வொரு புதனும் நினைப்பேன். "அப்பிடியோ அண்ணை? சரியான இறுக்கமோ?" என்றுதான் வாயில் வரும். "சொல்லி வேலையில்லை" என்பார். இப்படியே நாலு வருடம் போயிற்று. மணிக்கூடு திறக்காத ஒருவரும் திறக்கத் தெரியாத ஒருத்தியும் வீதி நெடுக மணிக்கூடு திறப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனோம். அந்தப் பயணங்களில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

ஒரு தை மாதம் தொழிற்சாலையில் உடைமாற்றும் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. கணவர்தான் போனில் அழுதுகொண்டு சொன்னார். சட்டைப் பையில் ஒரு லேஞ்சிப் பொட்டலம் இருந்ததாம். அதையும் மற்றப் பொருட்களோடு பொலித்தீன் பையில் போட்டுக் கணவரிடம் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அது. மணிக்கூடு ஓடவில்லை.

எங்கள் ஆட்கள் இணையத்தில் மரண அறிவித்தல் போட்டார்கள். படத்துக்குக் கீழே 'மன்னாரின் பிரபல மணிக்கூட்டுக் கடை முன்னாள் உரிமையாளர்' என்று இருந்தது. கூட்டாளியின் கடைப் பெயரும் இருந்தது. உலகம் முழுக்கப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டாளியின் சொந்தக்காரர் எங்காவது இருந்து பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். தங்கள் பிள்ளை இவ்வளவு காலமும் டென்மார்க்கில் உயிரோடு இருந்ததாக நினைத்துவிட்டால்? ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிடாததற்குச் சந்தோசப்படுவதா துக்கப்படுவதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து அதே மண்டபத்தில் கோப்பி குடித்தோம். ஒவ்வொருவராக எழும்பி அவருடைய கையைப் புகழ்ந்தார்கள். அவர் திறக்காத மூடி இல்லை என்றார் ஒருவர். அன்று என்னை முறைத்த அதே அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு மணிக்கூடு.

"கிழமைக்குக் கிழமை நீங்கள்தானே அண்ணையோட திரிஞ்சனீங்கள். கண் டொக்டர் எண்டு சொன்னாலும் எங்களுக்குத் தெரியும். உங்களுக்குப் பழக்கியிருப்பார் என்ன?"

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை அக்கா, எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்போது எங்கே திரிந்தீர்கள்? புதன்கிழமை எங்கே போனீர்கள்? வெளியே அவரை மூடிய மண் இன்னும் காயவில்லை. பேப்பர் இன்னும் அலுமாரியில்தான் கிடக்கும்.

மணிக்கூட்டை வாங்கினேன். காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"நல்ல இறுக்கம்" என்றேன். "விடுங்கோ, பாப்பம். வியாழக்கிழமை தாறன்."

புதன்கிழமை கோல்டிங் போனேன். அண்ணையின் லேஞ்சியை அவிழ்த்து, அதிலிருந்ததையும் அக்காவுடையதையும் மேசையில் வைத்தேன். கடைக்காரி லேஞ்சியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவர் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். பிறகு மேசைக்கு உட்பக்கமாக இருந்த கதிரையை எனக்காக இழுத்துப் போட்டாள்.

"வாருங்கள், உட்காருங்கள். நான் பழக்கித் தருகிறேன். ஐந்து நிமிட வேலை. பிறகு நீங்கள் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை."

நல்ல மனம். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பழகிவிட்டால் பொய் இல்லை, பயணம் இல்லை, பயம் இல்லை. அண்ணைக்கு நான் சொன்ன புத்திமதியும் அதேதான்.

"நை தக்" என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அக்காவின் மணிக்கூட்டைக் கவிழ்த்து, விளிம்பை நகத்தால் தடவத் தொடங்கினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.